கடைசி வரியில் இருக்கிற ஊர்

(ஆனேக்கல்லில் தமிழ் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் என்று வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் புண்ணியகோடி பாட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மேயப் போன பசு புலியிடம் அகப்படுகிறது. கன்றுக்கு ஒரு தரம் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சி, வாக்குக் கொடுத்து, வீட்டுக்குப் போய், கன்றை மற்றப் பசுக்களிடம் ஒப்படைத்துவிட்டு, சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறது. இதுவரைக்கும் வாய்மையைப் பற்றிய நீதிக்கதை. அடுத்து நடப்பது நீதிக்கதைக்குள் அடங்காது. வந்து நின்ற பசுவைப் பார்த்த புலி அதைத் தின்னவில்லை. மனம் வெந்து, பாய்ந்து உயிரை விட்டுவிடுகிறது.

குழந்தைகள் இதைக் கேட்டுப் பசுவுக்காக அழுகிறார்கள். கதையில் செத்தது யாரென்று பார்த்தால் புலி. அது ஏன் சாக வேண்டும்? பசுவை விட்டுவிட்டுப் பசியோடு காட்டுக்குள் போயிருக்கலாம். ஒரு மான் கிடைத்திருக்கும். பாட்டைக் கட்டியவர்கள் அந்த வழியை அதற்கு விடவில்லை. அவர்கள் மாடு வைத்துப் பிழைத்தவர்கள். புலி திருந்தினால் போதும் என்று அவர்களால் சொல்ல முடியாது. திருந்தின புலிக்கும் மறுநாள் பசிக்கும். பன்னேர்கட்டா காட்டோரத்தில், நம் தாலுகாவிலேயே, ராத்திரி தொழுவத்தில் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுகிற குடும்பங்களுக்கு இது புரியும். சிறுத்தைக்கு மனசு மாறுமா என்று அவர்கள் யாரும் காத்திருப்பதில்லை. அந்தப் பாட்டின் முடிவை எழுதியதில் பாதிப் பங்கு தொழுவத்துக்கு உண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, கடைசியில் திரும்பி நம்மை நிலைகுலைய வைக்கிற இருண்ட சிறுகதைகளைப் பற்றி. முடித்து வைத்ததும் பகீர் என்கிறதே, அந்தப் பகீர் எங்கிருந்து வருகிறது? எழுத்தாளர் தன் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த விஷயத்திலிருந்தா? அல்லது ஊருக்கே தெரிந்து, ஊரே தெரியாததுபோல நடந்துகொண்ட விஷயத்திலிருந்தா? முதல் வகைக் கதையை ஒரு தடவைதான் படிக்கலாம். இரண்டாம் வகையைப் பத்துத் தடவை படித்தாலும் வயிற்றைப் பிசையும். முடிவு தெரிந்த பிறகும் பிசைந்தால் அது வித்தை இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல கதைகள் எல்லாம் இந்த இரண்டாம் வகைதான் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்துக்கே போவோம். வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1915இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’. தாகூரின் வங்கக் கதையொன்றின் சாயல் அதில் உண்டு என்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். முதல் சிறுகதை அதுதானா என்ற சண்டையும் நடந்து முடிந்துவிட்டது, அல்லது இன்னும் நடக்கிறது. அதில் நான் இறங்கவில்லை. எனக்கு முக்கியம் அந்தக் கதைக்குள் வருகிற ஒரு கம்பெனி.

கதையைச் சொல்கிறது ஒரு மரம். ருக்மிணி என்ற பெண்ணுக்குச் சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் நாகராஜன். அந்தக் காலத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்தாலும் பெண் பிறந்த வீட்டில்தான் இருப்பாள். வயசுக்கு வந்து, சாந்தி முகூர்த்தம் ஆன பிறகுதான் புக்ககம். இந்த இடைவெளியில் ருக்மிணியின் அப்பா பணத்தைப் போட்டு வைத்திருந்த கம்பெனி முழுகிவிடுகிறது. பணம் போனதும் சம்பந்தி வீட்டாரின் முகம் மாறுகிறது. மகனுக்கு இன்னொரு பணக்காரப் பெண்ணைப் பார்க்கிறார்கள். மகனோ பெற்றோருக்குப் பாடம் புகட்ட ஒரு நாடகம் போடுகிறான். சம்மதித்ததுபோல நடித்து, கடைசி நிமிஷத்தில் மறுத்துவிட்டு ருக்மிணியிடம் வருவதாகத் திட்டம். இது அவன் நண்பனுக்குத் தெரியும். பேச்சைக் கேட்ட மரத்துக்குத் தெரியும். மரம் சொல்வதால் நமக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. ருக்மிணி குளத்தில் விழுந்து சாகிறாள்.

கவனியுங்கள். இங்கே வாசகரை ஏமாற்றி எதுவும் ஒளிக்கப்படவில்லை. திருப்பம் பாத்திரத்தின் தலையில் விழுகிறது, நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறோம். மரத்துக்கு வாய் இருந்தும் அவளிடம் சொல்ல முடியவில்லை. நமக்கும் அதே கதி.

அந்தக் கம்பெனி கற்பனை இல்லை. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு பெரிய வெள்ளைக்கார வங்கி இருந்தது. தஞ்சாவூர் மிராசுதார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தாலி அறுத்த விதவை என்று எல்லோரும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். துரை வைத்த கடை, போகாது என்ற நம்பிக்கை. 1906 அக்டோபரில் அது இடிந்து விழுந்தது. லண்டனில் இருந்த கூட்டாளி ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். சென்னையில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அந்த வழக்கில் வைப்பாளர்கள் பக்கம் நின்று வாதாடிய வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்நின்று 1907இல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. நம் பாஸ்புக்கில் இருக்கிற பெயருக்குப் பின்னால் இந்த இடிபாடு இருக்கிறது.

1915இல் இந்தக் கதையைப் படித்தவருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்திருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முந்தின காயம். பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது பணம் போயிருக்கும். எந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது, எந்தப் பெண் வாழாவெட்டியானாள் என்று அவர்களுக்குக் கதை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லண்டனில் சூதாடித் தோற்ற பணத்துக்குக் கிராமத்துக் குளத்தில் ஒரு பெண் விலை கொடுக்கிறாள். இந்த நூலைப் பிடிக்காமல் படித்தால் கதை வெறும் ‘ஐயோ பாவம்’ ஆகிவிடும். நாகராஜன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லை என்று மாணவர்கள் கேலி செய்வதும் அதனால்தான். அவன் சொல்லவில்லை என்பதிலும் காலம் இருக்கிறது. சாந்தி முகூர்த்தம் ஆகாத மனைவியோடு ஒருவன் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதற்கு அந்த வீட்டில் இடம் ஏது? குளத்தங்கரைதான் மிச்சம்.

பத்தாண்டு கழித்து, 1925இல், ஐயரே பாபநாசம் அருவியில் தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். இதைக் கதையோடு முடிச்சுப் போட்டு விதி என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அது ஒரு தகப்பனின் மரணம், அதில் இலக்கியம் எதுவும் இல்லை.

மேற்கே மாப்பஸான் எழுதிய ‘நெக்லஸ்’ உங்களில் பலர் பாடத்தில் படித்தது. 1884. ஒரு குமாஸ்தாவின் மனைவி விருந்துக்குப் போக வைரமாலை இரவல் வாங்கித் தொலைக்கிறாள். 36,000 பிராங்குக்குப் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்துக் கடன் அடைக்கிறாள். கடைசியில்தான் தெரிகிறது, தொலைந்தது 500 பிராங்கு கூடப் பெறாத போலி என்று. இதைப் பிரெஞ்சுக்காரர்களைவிட நாம் நன்றாகப் புரிந்துகொள்வோம். இரவல் நகை போடாத கல்யாணம் எங்கே இருக்கிறது? தொலைத்துவிட்டோம் என்று சொல்ல வாய் வராத மானம் எந்த வீட்டில் இல்லை? மாப்பஸானே பாரிஸ் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். அந்தக் கணவனின் சம்பளம் எவ்வளவு தூரம் நீளும் என்பது அவருக்குக் கணக்காகவே தெரியும். வைரம் போலி என்பது திருப்பத்தின் மேல்தோல். உள்ளே இருப்பது அந்தப் பத்து வருஷம்.

ஓ ஹென்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தீவிர விமரிசகர்கள் ‘ஓ ஹென்றி முடிவு’ என்பதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன்; மனிதர் சில கதைகளில் கடைசி வரிக்காகவே மீதி வரிகளைக் கட்டி இழுத்து வருவார். ஆனால் வங்கிப் பணத்தைக் கையாடியதாகத் தண்டனை பெற்று ஓஹையோ சிறையில் மூன்று வருஷம் இருந்துகொண்டு எழுதியவர் அவர். வாழ்க்கை ஒரே காகிதத்தில் தலைகீழாகும் என்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இனி புதுமைப்பித்தன். ‘பொன்னகரம்’, 1934, மணிக்கொடி. நாலைந்து பக்கம்தான். பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கோலார் தங்கவயல் ஞாபகம் வந்தால் தப்பில்லை. பொன் இருக்கிற ஊரில் பொன் எடுக்கிறவனுக்கு என்ன மிச்சமானது என்று நம் பக்கத்துத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். கதையில் பொன்னகரம் என்பது மில் தொழிலாளிகள் வாழ்கிற சந்துகள். சாராயக் கடை, ரயில் தண்டவாளம், தண்ணீர்க் குழாய். அம்மாளு மில்லில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வண்டியைப் பறக்கவிட்டு, அவனும் குதிரையும் அடிபட்டுக் கிடக்கிறார்கள். பால்கஞ்சி வேண்டும் என்கிறான். கையில் காசில்லை. ராத்திரி தண்ணீர் எடுக்கப் போன அம்மாளு, அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனோடு சந்துக்குள் போகிறாள். முக்கால் ரூபாயோடு வருகிறாள். புருஷனுக்குக் கஞ்சி.

கடைசி வரியை நான் இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். அது அம்மாளுவைப் பற்றிய வரி இல்லை, உங்களைப் பார்த்துச் சொல்கிற வரி. அதுவரை ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த வாசகரின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். கற்பைப் பற்றி மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. கண்ணகிக்கு ஒரு புது மகுடம், தமிழ்ப் பெண்மைக்கு ஒரு புது இலக்கணம். அதே காலத்தில்தான் உலகப் பொருளாதாரமே சரிந்து, மில் கூலியும் ஆட்டம் கண்டது. இரண்டும் ஒரே நாளிதழின் இரண்டு பக்கங்களில் வந்துகொண்டிருந்தன. புதுமைப்பித்தன் செய்தது, இரண்டு பக்கங்களையும் சேர்த்து மடித்தது. அவ்வளவுதான்.

கோபம் கொஞ்சம் அதிகமாகி, பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அவரே முன்னால் வந்து நிற்கிறார் என்று ஒரு குறை சொல்வார்கள். சொல்லலாம். எனக்கும் அந்தக் கதையைவிட ‘செல்லம்மாள்’ பெரிய கதைதான். ஆனால் ‘பொன்னகரம்’ ஏன் தொண்ணூறு வருஷமாகச் சாகவில்லை என்றால், சந்து இன்னும் இருக்கிறது, மேடையும் இன்னும் இருக்கிறது.

ஒரு தேதிப் பொருத்தம்: ஷெர்லி ஜாக்ஸனின் ‘லாட்டரி’ கதை நியூயார்க்கர் இதழில் வந்தது 1948 ஜூன் 26. ஓர் அமைதியான கிராமத்தில் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி, விழுந்தவரைக் கல்லால் அடிக்கிற கதை. நாஜி முகாம்களின் படங்களைப் பார்த்து, அது ஐரோப்பாவின் நோய் என்று அமெரிக்கா நிம்மதியாக இருந்த நேரம். கதை வந்ததும் கடிதங்கள் குவிந்தன. திட்டியவர்கள் போக, இந்தச் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்களாம். அந்த இதழ்த் தேதிக்கு நாலு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, திருவனந்தபுரத்தில் காசநோயில் புதுமைப்பித்தன் இறந்தார். அந்தக் கடிதங்களைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

சுஜாதாவை நாம் பெங்களூர்க்காரர் என்றே உரிமை கொண்டாடலாம். ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். கதை முடிவில் ஒரு சொடுக்குப் போடுவது அவருக்குக் கைவந்த கலை, பல இடங்களில் கலையைவிடப் பழக்கம். அவருடைய ‘நகரம்’ மட்டும் தனி. அதில் சொடுக்கே இல்லை, இருந்தும் அதைவிடக் கொடூரமான முடிவு அவர் எழுதியதில் எனக்குத் தெரிந்து இல்லை.

வள்ளியம்மாள் கிராமத்திலிருந்து காய்ச்சலில் கிடக்கிற மகள் பாப்பாத்தியை மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பெரிய டாக்டர் பார்க்கிறார். மூளைக் காய்ச்சல், உடனே சேர்க்கணும் என்கிறார். நல்ல டாக்டர். அதற்கப்புறம் சீட்டு. அந்தச் சீட்டை வாங்க இந்த ஜன்னல், இங்கே கையெழுத்து, அங்கே வரிசை, அந்த ஆள் இல்லை, அந்தக் கதவு எங்கே. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அம்புக்குறிகளுக்கு நடுவில் அலைகிறாள். கடைசியில் ஒருவர், நாளைக்குக் காலையில் ஏழரை மணிக்கு வா என்று அனுப்பிவிடுகிறார். இதற்குள் பெரிய டாக்டருக்கு ஞாபகம் வந்து, அந்தப் பெண் எங்கே என்று கத்துகிறார். ஆஸ்பத்திரியே தேடுகிறது. வள்ளியம்மாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரிக்‌ஷாவில் இருக்கிறாள். சாதாரணக் காய்ச்சல்தான், மந்திரித்தால் சரியாகும், வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கைநிறையக் காசு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

பாப்பாத்தி செத்துப் போவாள் என்று சுஜாதா எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. கதையில் கெட்டவன் ஒருவன்கூடக் கிடையாது என்பதைப் பாருங்கள். குமாஸ்தா கெட்டவன் இல்லை. அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது. நோயைக் கண்டுபிடிக்கிற அறிவு மதுரைக்கு வந்துவிட்டது. அந்த அறிவுக்கும் இந்தத் தாய்க்கும் நடுவில் பத்து ஜன்னல் இருக்கிறது. மதுரையின் பழம்பெருமையில் தொடங்கி, சுவர் விளம்பரங்களுக்கு இறங்கி, பிறகுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார். ஈராயிரம் வருஷ நகரத்துக்கு ஒரு கிராமத்துப் பிள்ளையை உள்ளே விடத் தெரியவில்லை. இன்று ஜன்னல் போய் ஆப் வந்துவிட்டது. ஓடிபி வராமல் ஆதார் மையத்து வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டிகளைப் பார்க்கும்போது இந்தக் கதைக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

வயசான கதைகளும் உண்டு. கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ அற்புதமான கதை. புருஷன் அபாய நிலையில் இருப்பதாகச் சென்னையிலிருந்து தந்தி. மனைவியும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் போகிறார்கள். இருக்கிறாரா, இல்லையா? ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விடிகிறது. இறந்துவிட்டார் என்று தெரிந்த நிமிஷத்தில் துக்கத்தோடு கூடவே ஒரு விடுதலை. அந்தக் கடைசி உணர்ச்சியை எழுத 1940களில் எவ்வளவு துணிவு வேண்டும்! ஆனால் 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. கையில் போன் வைத்திருக்கிற இருபது வயசுப் பிள்ளைக்கு அந்த ராத்திரியின் நீளம் தெரியாது. இதற்குக் கதையின்மேல் குற்றமில்லை. வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்ட காலத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இமையத்தின் ‘பெத்தவன்’ அப்படி யாரும் விளக்க வேண்டாத கதை. வேறு சாதிப் பையனை, தலித் பையனை, விரும்பிய மகளை விடிவதற்குள் நீயே கொன்றுவிடு என்று ஊர் கூடித் தகப்பனுக்கு உத்தரவு போடுகிறது. தகப்பன் பழனி, சரி என்கிறான். நமக்கு ஈரல்குலை நடுங்குகிறது. ராத்திரியில் மகளை அவளுடைய காதலனிடம் போகும்படி அனுப்பி வைத்துவிட்டு, விடிவதற்குள் பூச்சிமருந்தைக் குடித்துவிடுகிறான். வந்தது 2012இல். அதே வருஷம் நவம்பர் 7ஆம் தேதி, நமக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில், தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. அங்கேயும் ஒரு காதல் கல்யாணம், அங்கேயும் ஒரு தகப்பனின் தற்கொலை. கதையில் தகப்பன் சாவு ஒரு பெண்ணை விடுவித்தது. தர்மபுரியில் ஒரு சாவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். இமையம் ஜோசியம் பார்த்தார் என்று சிலர் வியந்தார்கள். அவர் ஊரைப் பார்த்தார். ஊர் அப்படித்தான் ரொம்ப நாளாக இருந்தது.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு கதை, பிறகு நம் ஊர்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1902இல் எழுதிய ‘குரங்குக் கால்’. பேய்க்கதைத் தொகுப்பு எதிலும் இருக்கும். இந்தியாவில் இருபத்தொரு வருஷம் பட்டாளத்தில் இருந்த ஒரு சார்ஜெண்ட் மேஜர், ஒரு பக்கிரி மந்திரித்த காய்ந்த குரங்குக் காலைக் கொண்டுவருகிறார். மூன்று வரம் தரும். வயசான வைட் தம்பதியரும் மகன் ஹெர்பர்ட்டும் விளையாட்டாக முதல் வரம் கேட்கிறார்கள்: வீட்டுக் கடனை அடைக்க 200 பவுன். மறுநாள் மகன் வேலை செய்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். இயந்திரத்தில் சிக்கி ஹெர்பர்ட் இறந்துவிட்டான். கம்பெனிக்குப் பொறுப்பு ஒன்றுமில்லை, ஆனாலும் அவன் செய்த சேவைக்காக ஒரு தொகை. எவ்வளவு? 200 பவுன். அதன் பிறகு தாய் இரண்டாவது வரத்தில் மகனைத் திரும்பக் கேட்க வைப்பது, ராத்திரியில் கதவு தட்டப்படுவது, தகப்பன் மூன்றாவது வரத்தால் அதை நிறுத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் அந்தக் கதவு தட்டலைப் பேசுவார்கள். பயம் கதவில்தான் என்பது பெங்களூருக்கும் தெரியும். 1990களில் ‘நாளே பா’ என்று வாசல் சுவரில் எழுதி வைத்துப் பேயை மறுநாள் வரச் சொன்ன ஊர் இது. எனக்கு அந்தக் கதையில் பயங்கரமான இடம் கம்பெனி ஆள் வருகிற இடம். நல்ல உடுப்பு, பளபளக்கிற புதுத் தொப்பி. கேட்டுக்கு வெளியே நின்று, போய், திரும்ப வந்து, மறுபடி நின்று, தயங்கித் தயங்கித்தான் உள்ளே நுழைகிறார். செய்தி சொல்ல வந்தவருக்கு வெட்கமாக இருக்கிறது. பொறுப்பில்லை என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1897இல். ஆலையில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு மூன்று வருஷக் கூலி. குறைந்தது 150 பவுன், கூடினால் 300. கதையில் வருகிற 200 அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1902இல் படித்தவர் ஒவ்வொருவருக்கும் அந்தத் தொகை எந்த ரகம் என்று தெரியும். சட்டம் இருந்தும் கம்பெனி அதைத் தன் தயவாகக் கொடுக்கிறது. அப்புறம் எதற்கு இந்தியப் பக்கிரியும் மந்திரமும்? லண்டன் வாசகருக்கு, தன் ஊர் இயந்திரம் தன் பிள்ளையைத் தின்பதைவிடக் கிழக்கிலிருந்து வந்த சாபம் தின்றது என்பது எளிதாக விழுங்க முடிகிற சமாசாரம். நம்மிடமிருந்து வரியும் வாங்கி, பழியும் நம்மேல் போட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வர 1923 ஆயிற்று.

பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் ஷிப்டுக்குப் போய் வருகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. நம் தாலுகாவில், ஓசூர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிற அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கிடங்கு எரிந்தது. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்ததாகச் செய்தி. அன்று 14 பேர். பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களோடு எண்ணிக்கை கூடியது. பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பண்டிகைக் கால வேலைக்கு வந்த இளைஞர்கள். தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்தே பலர். படித்துக்கொண்டிருந்தவர்கள், லீவில் நாலு காசு சம்பாதிக்க வந்தவர்கள். கர்நாடக அரசு குடும்பத்துக்கு 5 லட்சம், தமிழ்நாடு அரசு 3 லட்சம் என்று அறிவித்தன.

இதை வைத்துக் கதை எழுத வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. என்னிடம் காட்டியவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பையன் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவான், அம்மாவுக்குப் புடவை வாங்கி வருகிறேன் என்பான், கடைசி வரியில் வெடிக்கும். நான் அதற்கு எதிரி. வெடி எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; அதைக் கடைசிவரை ஒளித்துவைத்து வாசகரைத் திடுக்கிட வைப்பது, செத்தவர்களை வைத்துச் செய்கிற வித்தை. ஐயர் என்ன செய்தார் பாருங்கள்: எல்லாவற்றையும் முன்கூட்டியே மரத்தின் வாயால் சொல்லிவிட்டார். சுஜாதா சாவைச் சொல்லவே இல்லை. ஜேக்கப்ஸ் விபத்தைக் காட்டவில்லை, கேட்டில் தயங்குகிற ஆளைக் காட்டினார்.

தீயை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். அதன் பிறகு எழுத நிறைய இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து ஒருவனைப் பார்த்து ஒருவன் எப்படி வண்டி ஏறினான்? ஒரு நாளைக்குக் கூலி எவ்வளவு என்று சொல்லி அழைத்து வந்தார்கள்? அழைத்து வந்தவனும் அதே ஊர்க்காரனாக இருந்தால் அவன் இப்போது எந்த வழியாக வீட்டுக்குப் போகிறான்? கிடங்குக்கு எத்தனை வாசல்? உரிமம் தந்த காகிதத்தில் எத்தனை பெட்டி என்று எழுதியிருந்தது? 8 லட்சம் வந்த வீட்டில், எந்தக் கடனுக்காகப் பையன் கிளம்பினானோ அந்தக் கடனை அடைக்க அந்தப் பணத்தைத் தொடுவார்களா? தொட்டால் பேச்சு வருமா? தொடாவிட்டால் வட்டி நிற்குமா? இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு முழுக் கதை இருக்கிறது. மந்திரமும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் கடைகள் ஏன் வரிசையாக முளைத்தன, பெங்களூரிலிருந்து காரில் வந்து பாதி விலைக்குப் பேரம் பேசி அள்ளிக்கொண்டு போனவர்கள் யார் என்பதும் கதைக்குள் வர வேண்டும். அதில் நானும் இருக்கலாம், நீங்களும் இருக்கலாம்.

பெயர்களைப் போடாதீர்கள். அந்தக் குடும்பங்களிடம் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வராதீர்கள். அவர்களிடம் கேட்டு முடித்தவர்கள் ஏராளம். உங்கள் ஷிப்டில் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசினால் போதும். அவனும் எங்கிருந்தோ யாரோ அழைத்து வந்தவன்தான், இப்போது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ.

எழுதியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையெழுத்தில் இருந்தாலும் சரி, கன்னடத்தில் எழுதியிருந்தாலும் சரி. மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே கன்னடச் சிறுகதைக்குத் தகப்பனானவர். நாம் மொழிக்காக இங்கே சண்டை போட வேண்டாம். பத்துப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ‘பெத்தவன்’ படித்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்கள் பேசட்டும், எனக்கு அந்த முடிவைப் பற்றி இன்னும் ஒரு தகராறு இருக்கிறது.